பதினோரு கட்டு குச்சி

ஜூன் 2, 2025. திங்கள்.

ஒன்னை ஒத்துக்கினுதான் இந்த நோட்டை ஆரம்பிக்கணும். பூச்சின்னு சொல்லி நான் ஆபீசுக்கு அனுப்பின போட்டோ, சுண்ணாம்பு.

பக்ரீத்துக்காக வூட்டுக்கு வெள்ளையடிச்சோம். பின்பக்கம் சுவரோரமா நிக்கிற பப்பாளி மேல தெறிச்சிருக்கு. எனக்கு அது தெரியாது. காலையில பல்லு விளக்கிக்கினே பார்த்தா இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி. போன வாரம்தான் சேகோ மில்லு வாசல்ல தோட்டக்கலை ஆபீசு சுபஸ்ரீ மேடம் கிழங்கு இறக்க வந்த எங்க வண்டியெல்லாம் நிறுத்திச் சொன்னாங்க. வெளிநாட்டு மாவுப்பூச்சி ஒன்னு வந்திருக்குது, குச்சிவள்ளிக்கு, அதான் மரவள்ளிக்கு, எமன், வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கினு இருக்கும், எங்க பார்த்தாலும் போட்டோ புடிச்சு இந்த நம்பருக்கு அனுப்புங்கன்னு. நான் ஆறு போட்டோ அனுப்பினேன். அதுல ரெண்டு என் கட்டைவிரல்.

மேடம் ஸ்கூட்டர்ல வந்துட்டாங்க. லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. நகத்தால சுரண்டினாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "பாய், இதுக்கு மருந்து வேணாம். ஒரு செம்பு தண்ணி போதும்"னாங்க.

நூர்ஜகான் கதவைப் புடிச்சுக்கினு சிரிச்சா. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல என் ஜோக்குக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சதில்ல.

ஆனா மேடம் கோச்சுக்கல. "தப்பா இருந்தாலும் அனுப்புனீங்களே, அதுதான் எனக்கு வேணும். நீங்க கிழங்கு ஏத்த மலைக்கும் கீழுக்கும் ஓடற ஆளு. நாங்க பார்க்காத கொல்லையெல்லாம் நீங்க பார்ப்பீங்க"ன்னு இந்த நோட்டைக் குடுத்தாங்க. நாலு கட்டம் கோடு போட்டிருக்கு. தேதி. இடம். என்ன பார்த்தேன். எப்படி வந்திருக்கும்.

என் எழுத்து கட்டத்துக்குள்ள நிக்காது. அஞ்சாவதுல வாத்தியார் அடிச்சும் நிக்கல, அதோட நானும் பள்ளிக்கூடத்துல நிக்கல. அதனால முன்பக்கத்துலருந்து ஆபீசுக்கு, பின்பக்கத்துலருந்து எனக்கு.

ஜூன் 5. வியாழன்.

பார்த்தது: மழை. எப்படி வந்திருக்கும்: மேலருந்து.

ஜூன் 10. செவ்வாய்.

பக்ரீத் முடிஞ்சது. கறி குடுக்கப் போன வூட்ல எல்லாம், "இன்னா பாய், சுண்ணாம்பு எப்படி கீது?"ன்றாங்க. இது எப்படி ஊருக்குத் தெரிஞ்சதுன்னு விசாரிக்கல. விசாரிச்சா எங்க வூட்டு வாசல்லதான் போய் முடியும்.

இன்னைக்கு என் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கினு சின்னசேலம் வரைக்கும் போனேன். ரோட்டோரம் நாலு கொல்லையில இறங்கி ஏறிப் பார்த்தேன். ஒரு கொல்லைக்காரர் நான் ஒன்னுக்குப் போறேன்னு நினைச்சுக் கத்தினார். இலையைப் பார்க்கறேன்னேன். அது இன்னும் மோசமா போச்சு.

ஜூன் 14. சனி.

கண்டுபிடிச்சுட்டேன்! நெஜப் பூச்சி!

தியாகதுருகத்துல, நம்ம ஆதிமூலம் அண்ணன் கொல்லையில. பதினஞ்சு வருஷமா அவர்கிட்ட கிழங்கு எடுக்கிறேன். சித்திரையில நட்ட குச்சிவள்ளி, இடுப்பளவு வந்திருக்கணும். முட்டியில நிக்குது. நுனியெல்லாம் சுருண்டு, காலிஃப்ளவர் மாதிரி கொத்துக் கொத்தா. இலையைத் திருப்பினா அடியில பஞ்சு. எறும்பு சாரை சாரையா ஏறுது. விரல்ல நசுக்கினா பிசுபிசுன்னு. சுண்ணாம்பு பிசுபிசுக்காது. அது இப்ப எனக்குத் தெரியும்.

போட்டோ அனுப்பின அரைமணியில மேடம் போன். "சூப்பர் பாய். இதேதான். புதன்கிழமை வரேன்."

ஆதிமூலம் அண்ணன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் கொல்லையை ஊருக்கே காட்டிக் குடுத்துட்டியே?"

"அண்ணே, உங்க கொல்லை இனிமே கவர்மெண்டு புக்குல வரும்ணே."

அவர் சிரிக்கல. நான்தான் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து நூருகிட்ட சொல்லிச் சொல்லி மூணு தடவை சிரிச்சேன்.

ஜூன் 18. புதன்.

மேடம் ஆதிமூலம் கொல்லைக்கு வந்தாங்க. நானும் போனேன், கண்டுபிடிச்ச ஆளாச்சே. காலர் வெச்ச சட்டை போட்டுக்கினு போனேன்.

இந்தப் பூச்சி பறக்காதாம். நடந்தும் ரொம்பத் தூரம் போகாதாம். காத்துல கொஞ்சம் போகும். ஆனா ஊர் விட்டு ஊர் போறதெல்லாம் வெதைக் குச்சியில ஒட்டிக்கினுதான். கிழங்கு புடுங்கினப்புறம் தண்டைக் கட்டுக் கட்டி அடுத்த நடவுக்கு வெச்சிருப்பாங்க இல்ல, அதுலதான்.

மேடம் கேட்டாங்க. "ஐயா, போன அறுப்புக் குச்சி யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

ஆதிமூலம் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்ல. எதிர்ல இருந்த மோட்டார் ரூமைப் பார்த்துக்கினு சொன்னார். "யாருக்கும் குடுக்கல."

எனக்கு அப்பத்தான் உறைச்சது. 

குடுத்தார். எனக்குத்தான் குடுத்தார். பதினோரு கட்டு.

நான் மலைக்கு ஏறும்போது வண்டி காலி. இறங்கும்போதுதான் கிழங்கு. காலி வண்டியை ஏத்தறது எனக்குப் பிடிக்காது, அதனால மேல யாருக்கு இன்னா வேணுமோ, சும்மா ஏத்திக்கினு போவேன். உப்பு மூட்டை, தகரம், ஒரு தடவை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க. மே மாசம் ஆதிமூலம் அண்ணன், நல்ல குச்சி மிச்சமா கீது எடுத்துக்கினு போய்யான்னார். ஏத்தினேன். மேல எனக்குக் கிழங்கு போடற வீரமணி ஊர்ல வூட்டுக்கு ஒரு கட்டு, பதினோரு வூடு. பாய் கொண்டாந்த குச்சின்னு அடிச்சுக்கினு வாங்கினாங்க.

நான் மேடம் பையைத் தூக்கி ஸ்கூட்டர்ல மாட்டிவிட்டேன். மேடம் ஸ்கூட்டர் போனப்புறம் ஆதிமூலம் அண்ணன் சொன்னார். "நீயும் நானும்தான்யா. வேற யாருக்குத் தெரியும்?"

ஜூன் 19. வியாழன்.

இன்னொன்னு இருக்கு. எழுதியே ஆகணும்.

குச்சியை இறக்கும்போது வீரமணி கேட்டான். "இன்னா பாய், கணுவுல வெள்ளையா கீது?"

குச்சிவள்ளியை வெட்டினா பால் வடியும். காஞ்சா வெள்ளையா கட்டிக்கும். இது பொறந்த கொழந்தைக்கும் தெரியும். நான் சொன்னேன்: "பால்யா அது. காஞ்சிருக்கு. நல்ல சத்துள்ள குச்சின்னாத்தான் இவ்வளவு பால் கட்டும்."

சத்துள்ள குச்சி! சொல்லிட்டு ஒரு குச்சியை எடுத்துத் தட்டிக் காட்டினேன் வேற.

பால் வெட்டின வாயில காயும். கணு இடுக்குல ஏன் காயணும்? முப்பது வருஷம் குச்சிவள்ளியிலயே பொழைச்சவன், இது தோணலயா? சுவத்துச் சுண்ணாம்பைப் பூச்சின்னு சொன்னவன், பூச்சியைப் பால்னு சொல்லியிருக்கேன்.

ஜூன் 20. வெள்ளி.

மலைக்குப் போகல. கிளட்ச் சரியில்லன்னு போன்ல சொன்னேன். கிளட்ச் நல்லாத்தான் இருக்கு.

ஜூன் 24. செவ்வாய்.

ஏறினேன். ஒருவேளை மேல குளிருக்குப் பூச்சி பொழைக்காம போயிருக்கும் - இப்படியெல்லாம் யோசிச்சுக்கினே கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவா ஏத்தினேன்.

பொழைச்சிருக்கு.

வீரமணி கொல்லையில முதல் வரிசை பூரா நுனி மடங்க ஆரம்பிச்சிருக்கு. ஒன்னரை ஏக்கரா. அவன் பொண்டாட்டி ராஜாம்பாள் களை எடுத்துக்கினு இருந்தா. என்னைப் பார்த்ததும், "வாங்க பாய், கிளட்சுக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?"ன்னா. எப்பவும் நான் அவளை வம்புக்கு இழுப்பேன், அவ என்னை இழுப்பா. இன்னைக்கு நேரா செடிகிட்டதான் போனேன்.

"இன்னா பாய் இது, எல்லாம் மொட்டை மொட்டையா குந்திக்கினு கீது?"ன்னு அவதான் நுனியைக் காட்டினா.

"வெயிலு"ன்னேன். "மழை வந்தா நிமிர்ந்துக்கும்."

அவ தலையை ஆட்டினா. நான் சொன்னா சரியா இருக்கும்னு. அப்புறம் சொன்னா, "நிமிரட்டும் பாய். இந்த வருசம் இது ஒன்னுதான். நீங்க சொன்னீங்கன்னு சாமை வெதைக்காம எல்லாத்துலயும் இதையே நட்டுட்டோம். வெதைச் சாமையையும் குத்திச் சோறாக்கித் தின்னாச்சு."

சாப்பிடச் சொன்னாங்க. வயிறு சரியில்லன்னேன். மொதல்ல கிளட்ச், அப்புறம் வெயிலு, அப்புறம் வயிறு. ஒரு வாரத்துல மூணு பொய்.

ஜூன் 25. புதன்.

நூருகிட்ட சொன்னேன். மீன் ஆய்ஞ்சுக்கினு இருந்தா. முழுசும் கேட்டா. கத்தியைக் கீழ வைக்கல.

"சுவத்துச் சுண்ணாம்பைக் காட்ட ஆபீசரையே வூட்டுக்கு வரவழைச்சீங்க. நெஜப் பூச்சிக்கு வாயை மூடிக்கினு கீறீங்களா?"

சொன்னா மேல யாரும் எனக்குக் கிழங்கு போட மாட்டாங்கன்னேன். முப்பது வருஷப் பழக்கம் போயிடும்னேன். ஆதிமூலம் அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாதுன்னேன்.

"அந்தப் பொம்பளை அடுத்த வருசம் இன்னா தின்னும்?"

கேட்டுட்டு மீனைக் கழுவ எழுந்து போயிட்டா. போறப்ப திரும்பி, "உங்களை மாதிரி ஜோக்கு சொல்றவங்க ஒருத்தராச்சும் அவங்களுக்கு உண்மை சொல்லணும்ங்க"ன்னா. அது இன்னா கணக்குன்னு எனக்குப் புரியல. ஆனா சரின்னு பட்டது.

ஜூன் 26. வியாழன்.

முன்பக்கம் எழுதிட்டேன். இங்கயும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

தேதி: ஜூன் 24. இடம்: கரியாலூருக்கு மேல வீரமணி ஊரு, பதினோரு கொல்லை. என்ன பார்த்தேன்: மாவுப்பூச்சி. எப்படி வந்திருக்கும்: ஜமால் முகமது வண்டியில.

கடைசிக் கட்டம் மட்டும் கோட்டைத் தாண்டாம நின்னது. சின்னச் சின்ன எழுத்தா எழுதியிருக்கேன் போல.

நோட்டைப் போட்டோ புடிச்சு மேடமுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு போன் வந்தது. திட்டுவாங்கன்னு ஸ்பீக்கர்ல போடாமத்தான் எடுத்தேன், நூரு பக்கத்துல இருந்தா.

திட்டல. "பாய், பதினோரு கொல்லையும் எதுன்னு கரெக்டா சொல்ல முடியுமா?" முடியும்னேன். "வேற எங்கயும் எறக்கலயே?" இல்லன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "மலை பூரா தேட வேண்டியதை பதினொன்னுல முடிச்சிட்டீங்க. அந்தப் பூச்சியைக் கொல்ற குளவி ஒன்னு இருக்கு, ஆராய்ச்சி நிலையத்துல வளர்க்கறாங்க. எங்க, எவ்வளவுன்னு தெளிவா கேட்டாத்தான் சீக்கிரம் கிடைக்கும். இப்ப கேட்கலாம்."

எனக்கு ஒடம்பே லேசாச்சு. அப்ப ஒரு குண்டு போட்டாங்க. "ஆனா நீங்கதான் வந்து அவங்ககிட்ட சொல்லணும். நாங்க சொன்னா, கவர்மெண்டு கொல்லையை அழிக்க வந்திருக்குன்னு உள்ளயே வுட மாட்டாங்க."

ஜூன் 28. சனி.

ஆதிமூலம் அண்ணன் வூட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தேன். போன்ல சொல்றது மரியாதை இல்ல. கயித்துக் கட்டில்ல குந்தச் சொல்லல. கேட்டார். கடைசியா, "இனிமே என் கொல்லைப் பக்கம் வண்டியைத் திருப்பாத"ன்னார்.

சரிண்ணேன்னு வந்துட்டேன்.

ஜூலை 2. புதன்.

இன்னைக்கு வீரமணி ஊர்ல ரேஷன் போடற நாள். பதினோரு வூடும் ஒரே எடத்துல நிக்கும்னு மேடம்தான் யோசிச்சாங்க. எனக்கு வரிசையைப் பார்த்ததும் திரும்பிடலாம்னு தோணுச்சு.

மேடம் பூச்சிப் படத்தைக் காட்டினாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க, எங்க கொல்லையிலயும் இதுதான்னு. எப்படி வந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தாங்க.

"நான்தான் கொண்டாந்தேன்"னேன்.

சிரிச்சாங்க. நான் எதையோ வெளையாட்டுக்குச் சொல்றேன்னு. முப்பது வருஷமா வெளையாட்டாவே பேசினா இப்படித்தான். "பாய் எதைத்தான் கொண்டாரல"ன்னு பின்னாடி ஒரு கொரலு.

மறுபடி சொன்னேன். மே மாசம், பதினோரு கட்டு, கணுவுல வெள்ளை, பால்னு சொன்னது. போன வாரம் வெயிலுன்னு சொன்னது பொய்னும் சொன்னேன். ஒவ்வொருத்தரா சிரிப்பை நிறுத்தினாங்க. 

அப்புறம் கேட்டேன் பாருங்க வசவு. எழுதற அளவுக்கு எனக்கு எழுத்து தெரியாது. ஒருத்தர், அடுத்த தடவை வண்டி வந்தா நாலு சக்கரத்தோட இறங்காதுன்னார். நியாயம்தான்.

வீரமணி அரிசிப் பையைக்கூட வாங்காம நடந்து போயிட்டான். அதுதான் தாங்க முடியல.

ராஜாம்பாள் கிட்ட வந்தா. இன்னாவோ வம்புதான் பண்ணப் போறான்னு நினைச்சேன். "வெயிலுன்னு சொன்னீங்களே பாய்"னா. அவ்வளவுதான். அவ புருஷன் வுட்டுட்டுப் போன பையைத் தூக்கிக்கினு போயிட்டா.

மூணு மணிநேரம் பேசினப்புறம் ஊர்ல முடிவு பண்ணாங்க. குளவி வர்ற வரைக்கும் மருந்தடிக்கிறதில்ல, மேடம் சொன்னபடி நுனியெல்லாம் கையால கிள்ளிச் சோப்புத் தண்ணியில அமுக்கறது. என் வண்டி ஊருக்கு முன்னாடி இருக்கிற சிறுபாலத்தைத் தாண்டி ஊருக்குள்ள வரக் கூடாது. நான் வரலாம், நடந்து. வந்தா கிள்ளணும்.

ஜூலை 5. சனி.

கிள்ளினேன்.

ஜூலை 9. புதன்.

வாரத்துல மூணு நாள் இதுதான் வேலை. சிறுபாலத்துல வண்டியை நிறுத்திட்டு முக்கால் மைல் நடை. இன்னைக்கு வீரமணி கொல்லை. அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நான் இருமினா அவன் ரெண்டு வரிசை தள்ளிப் போறான்.

ஒடிச்ச நுனியில ஒன்னைக்கூட கீழ விடக் கூடாது. விட்டா அது அடுத்த செடியில ஏறும். பையில போட்டு, டிரம்முல அமுக்கி, மேல கல்லு வைக்கணும். சாயங்காலம் விரலெல்லாம் பிசின். வூட்ல சோத்தைப் பிசைஞ்சா சோறும் விரலும் ஒன்னா வருது.

ரெண்டு வூட்ல பொறுமை இல்ல. குச்சியைப் பூரா புடுங்கி எரிச்சுட்டுச் சாமை வெதைச்சுட்டாங்க. வீரமணி மேட்டுக் கொல்லையில மட்டும் புடுங்கிட்டான், ஆனா வெதைக்கச் சாமை இல்ல. நான் ஊரெல்லாம் அலைஞ்சு ரெண்டு படி வெதைச் சாமை வாங்கி, ராஜாம்பாள் கையில குடுத்தேன். வாங்கிக்கினா. "இதுல பூச்சி இல்லயே பாய்?"ன்னா.

வம்புக்கு இழுத்தாளா, நெஜமா கேட்டாளா, தெரியல. நானும் ஒரு கைப்புடி அள்ளி வெளிச்சத்துல பார்த்துட்டு, "இல்ல"ன்னேன்.

ஜூலை 19. சனி.

குளவி வந்துடுச்சு.

ஊரே காலையில ஆறு மணிக்கு வீரமணி கொல்லையில. குளவின்னா எல்லாருக்கும் பனை ஓலைக் கூட்டுக் குளவி ஞாபகம். கொழந்தைங்களை வூட்ல விட்டுட்டு, பொம்பளைங்க முக்காடு போட்டுக்கினு வந்திருந்தாங்க. நான் தலையில துண்டு சுத்திக்கினு தயாரா நின்னேன்.

மேடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தாங்க. உள்ள தூசி மாதிரி இன்னாவோ நகருது.

"எங்க மேடம்?"

"இதுதான்."

கொசுவுல பாதிகூட இல்ல. ராஜாம்பாள் முக்காட்டை எடுத்துட்டா. "இதுக்கா முக்காடு போட்டோம்?"

மேடம் நிழலா இருந்த செடி அடியில குழாயை அடைச்சிருந்த பஞ்சை எடுத்தாங்க. ஒவ்வொன்னா வெளிய வந்து இலையில நடந்துச்சு. பறந்துச்சான்னுகூடத் தெரியல. அது பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெக்குமாம். குஞ்சு உள்ளயே தின்னுட்டு வெளிய வருமாம்.

ஒருத்தர் கேட்டார், இது எந்த ஊருன்னு. பூச்சி எந்தத் தேசத்துலருந்து வந்துச்சோ அந்தத் தேசத்துதாம். "அப்ப இதையும் வெளியூர்லருந்து கொண்டாறீங்க"ன்னு அவர் என்னையும் மேடமையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். மேடம் நிதானமா சொன்னாங்க. ரொம்ப வருஷம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் விடறோம், இது இந்த ஒரு பூச்சியைத் தவிர வேற எதையும் தொடாது, பூச்சி தீர்ந்தா இதுவும் தீர்ந்துடும்னு. பால்னு சொல்லித் தட்டிக் காட்டறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. பார்த்துட்டுச் சொல்லணும். நான் சொல்லிட்டுத்தான் பார்த்தேன்.

வீரமணி குழாயை வாங்கி அடுத்த வரிசையில அவனே திறந்துவிட்டான்.  என்கூடப் பேசல.

ஆகஸ்ட் 3. ஞாயிறு.

ஆடிப் பதினெட்டு. பண்டிகை, கிள்ள வர வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. வூட்ல சும்மா குந்தியிருந்தேன். நாலு தடவை பப்பாளி இலையைத் திருப்பிப் பார்த்தேன். நூரு பார்த்தா. சுண்ணாம்பான்னு கேட்கல. அதுவே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 16. சனி.

மத்தியானம் போன். புது நம்பர். அந்தப் பக்கம் காத்துச் சத்தம்.

"யாருங்க?"

"பாய்." வீரமணி. ஒன்னரை மாசம் கழிச்சு. "செத்துக் கெடக்குது பாய்."

எனக்கு உயிரே போச்சு. செடியைச் சொல்றான்னு நினைச்சேன்.

"பூச்சி பாய். பழுப்பா, உப்பிக்கினு, காஞ்சு போய்க் கெடக்குது. முதுகுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. ஒன்னு ரெண்டு இல்ல, இலைக்கு இலை."

"அப்ப குளவி வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம்யா!"

"ம்."

"வேற?"

"வேற ஒன்னும் இல்ல." வெச்சுட்டான். அது ராஜாம்பாள் அக்கா மவன் போனாம். கடன் வாங்கிப் பேசியிருக்கான். ஒன்னும் இல்லாததுக்கு.

செப்டம்பர் 5. வெள்ளி.

மீலாது நபி. பாயசம் எடுத்துக்கினு மலைக்குப் போனேன். சிறுபாலத்துல நிறுத்தி நடந்தேன். பாதி வழியில தூக்கு சாஞ்சு கால் பாயசம் ரோட்டுக்கு. மிச்சம் பதினோரு வூட்டுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி. வீரமணி ரெண்டாவது கேட்டான். இருந்தா குடுக்கமாட்டேனா.

அக்டோபர் 14. செவ்வாய்.

புதுத் தழை நேரா வருது. அடியில முடங்கின கணு அப்படியேதான் இருக்கு, அது நிமிராதாம். அதுக்கு மேல நல்ல கணு. ஒரு செடியைப் பார்த்தா, எந்த மாசம் கஷ்டம், எந்த மாசம் சரியாச்சுன்னு தண்டுலயே தெரியுது.

கிழங்கு பாதிதான் தேறும்னு மேடம் சொன்னாங்க. பாதின்னா பாதி. ஒன்பது கொல்லையும் நிக்குது. மலையில வேற ஊர் எதுலயும் பூச்சி இல்ல, ரெண்டு தடவை சுத்திப் பார்த்துட்டாங்க.

ராஜாம்பாளுக்குக் குடுத்த ரெண்டு படி சாமை மேட்டுக் கொல்லையில கதிரு கட்டியிருக்கு. காட்டினா. "பாய் பார்த்துச் சொன்ன வெதை"ன்னா. இந்தத் தடவை வம்புதான். நல்லாத் தெரிஞ்சது.

நவம்பர் 20. வியாழன்.

ஆதிமூலம் அண்ணன் போன் பண்ணார். மேடம் அவர் கொல்லையிலயும் குளவி விட்டிருக்காங்க, ஆனா முதல்லயே மருந்து அடிச்சுட்டாராம், குளவியும் செத்துப் போச்சு. அதுக்கப்புறம் பூச்சி அடங்கவே இல்லையாம். கொல்லையைப் பூரா அழிச்சாச்சு. "நல்ல குச்சி எங்கயாச்சும் கெடைக்குமாய்யா?"ன்னார்.

ரொம்ப நேரம் யோசிச்சு, மேடமைக் கேட்டுச் சொல்றேன்ணேன்னேன். முன்னயெல்லாம் யோசிக்காமலே சொல்லியிருப்பேன்.

ஜனவரி 21, 2026. புதன்.

அறுப்பு. பாதிக்குக் கொஞ்சம் மேலயே வந்தது.

மேடம் வந்து வீரமணி கொல்லைக் குச்சியை லென்ஸ் வெச்சு ஒரு கணு விடாம பார்த்தாங்க. சுத்தமா இருந்த மேல்தண்டை மட்டும் தனியா வெட்டச் சொன்னாங்க. அதை ஆதிமூலம் அண்ணனுக்குக் கீழ கொண்டு போகலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. எதுக்கும் மருந்துத் தண்ணியில பத்து நிமிஷம் முக்கி எடுத்துக்கினு போங்கன்னாங்க.

வீரமணிதான் சிறுபாலம் வரைக்கும் வந்து, "இன்னா பாய், அங்கயே நின்னுக்கினு கீற? வண்டியை உள்ள கொண்டா"ன்னான். குச்சிக் கட்டை யாரும் தூக்கிக்கினு நடக்க முடியாது பாருங்க. ஏழு மாசத்துக்கப்புறம் குட்டியானை ஊருக்குள்ள போச்சு.

டிரம்முல தண்ணி, மேடம் அளந்து ஊத்தின மருந்து. வீரமணி கட்டை எடுத்துக் குடுக்க, நான் குனிஞ்சு முக்கினேன். ரெண்டாவது கட்டுல சட்டைப் பையிலருந்து செல்போன் உள்ள போயிடுச்சு. உள்ள கையை விடாதீங்க, மருந்துன்னு மேடம் கத்தினாங்க. கட்டை எடுக்கற வரைக்கும் காத்திருந்தோம். பத்து நிமிஷம் ஆனப்புறம் குச்சியையும் போனையும் ஒன்னா வெளிய எடுத்து, நிழல்ல காய வெச்சோம்.

மேடம் ரெண்டையும் லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. எதுலயும் பூச்சி இல்ல.